பிள்ளையின் சக்கர நாற்காலிக்கு எந்த டிரஸ்ட்டில் கேட்பது?

பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 11 வயது, மூளை முடக்குவாதம். ஒன்றரை வருஷத்துக்கு முன் அரசு முகாமில் கொடுத்த வீல்சேர் அவனுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. ஒரு பக்கமாகவே சரிந்து உட்கார்ந்து முதுகு வளைய ஆரம்பித்துவிட்டது என்று பிசியோ சொல்கிறார். அளவெடுத்துச் செய்யும் நாற்காலிக்கு 68,000 ரூபாய் ஆகுமாம். கணவருக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலை, மூத்த மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். ‘செட்டிநாட்டில் டிரஸ்ட்டுக்கா பஞ்சம் என்கிறார்கள். எந்த டிரஸ்ட் கொடுக்கும்? பெயரும் நம்பரும் சொல்லுங்கள். நாங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) இல்லை, எங்களுக்கும் கொடுப்பார்களா? இல்லையென்றால் ஆன்லைனில் நிதி திரட்டலாமா?’ என்பது அவர் கேள்வி.

யாரிடம் கேட்பது என்பதும், உங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு திறக்குமா என்பதும் நேராகவே கேட்கப்பட்டிருக்கின்றன. கேட்காமல் விட்டது ஒன்று உண்டு: எதை, எவ்வளவு, எந்த விதத்தில் கேட்பது. மற்ற இரண்டையும் தீர்மானிப்பது இதுதான். காரைக்குடியில் ஓர் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ, கல்வி உதவி மனுக்களைப் படித்து, விசாரித்து, அறங்காவலர்கள் முன்னால் வைக்கிற வேலையைப் பல வருஷமாகச் செய்கிறேன். ஆகவே கொடுக்கிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் மனு எப்படித் தெரியும் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். பையனுக்கு எந்த நாற்காலி பொருந்தும் என்பது என் துறை இல்லை. அந்த இடம் வரும்போது யாரைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

பெயர்ப் பட்டியல் தரப்போவதில்லை. ஒளித்து வைக்கவேண்டும் என்பதற்காக அல்ல. ஒரு டிரஸ்ட் இந்த வருஷம் கண் ஆபரேஷனுக்குக் கொடுக்கும். அடுத்த வருஷம் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் வந்தால் கையிருப்பெல்லாம் அங்கே போய்விடும். பெரியவர் இருக்கும்வரை தாராளமாகக் கொடுத்த இடத்தில், மகன் சென்னையிலிருந்து போனில் நிர்வாகம் செய்ய ஆரம்பித்ததும் எல்லாம் ஸ்கூல் கட்டடத்துக்கு என்று மாறியிருக்கும். வாட்ஸப்பில் சுற்றுகிற பட்டியல்களில் பாதி இப்படிக் காலாவதியானவை. அந்தப் பட்டியலை வைத்து ஒரே கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து இருபது இடத்துக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. பார்த்த மாத்திரத்தில் எங்களுக்குத் தெரிந்துவிடும். ‘மேற்படி அறக்கட்டளை’ என்று இருக்கும், எங்கள் பெயர் இருக்காது.

சாதாரணமாக எங்களுக்கு வருகிற மனு இப்படித்தான் இருக்கும். முழு வெள்ளைத்தாளில், ‘உயர்திரு ஐயா அவர்களுக்கு, என் மகன் பிறவியிலேயே நடக்க முடியாதவன், நாங்கள் மிகவும் ஏழைக் குடும்பம், தாங்கள் பார்த்து ஏதாவது உதவி செய்யும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ பின்னால் ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், பையனின் போட்டோ. அதில் ஒரு வரி பொய் இருக்காது. ஆனால் கூட்டத்தில் அந்தத் தாளை வைத்ததும் மூத்த அறங்காவலர் கேட்பது மூன்றே கேள்வி. “எவ்வளவு வேணுமாம்? செக்கு யாரு பேருக்கு? கவர்மெண்டுல என்ன குடுத்திருக்காக?” மூன்றுக்கும் தாளில் பதில் இருக்காது. “சரி, ஒரு அஞ்சாயிரம் போட்டு அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த மனுவுக்குப் போய்விடுவார்கள். மனசு இல்லாமல் அல்ல. விவரம் தெரியாத இடத்தில் சின்னத் தொகை கொடுப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. அந்த ஐயாயிரத்தில் நாற்காலி வராது, வீட்டுச் செலவில் கரைந்துவிடும். அதைவிடக் கெடுதல், பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிவிடும். அடுத்த முறை சரியான கணக்கோடு போனாலும் ‘போன தடவையே குடுத்தாச்சே’ என்று ஒரு குரல் எழும். அதனால்தான் சொல்கிறேன், அவசரப்பட்டு மனுவைக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் அரசாங்கத்தின் பக்கம். டிரஸ்ட் பணம் கேட்கிறவர்களிடம் நான் இதை வற்புறுத்துவதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. உபகரணங்கள் கொடுக்கும் மத்திய அரசின் ‘அடிப்’ திட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அதே காரணத்துக்காகக் கடந்த மூன்று வருஷத்துக்குள் அரசிடமோ உள்ளாட்சியிடமோ தொண்டு நிறுவனத்திடமோ உதவி வாங்கியிருக்கக் கூடாது. 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும், வளர்கிற உடம்பு என்பதால், இந்தக் கெடு ஒரே வருஷம். உங்கள் மகனுக்கு 11 வயது. முகாம் நாற்காலி வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. ஆகவே இப்போதே திரும்ப விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டு முடிந்துவிட்டால் மூன்று வருஷக் கணக்குக்குள் போய்விடுவீர்கள். டிரஸ்ட்டில் முதலில் வாங்கிவிட்டாலும் அதே நிபந்தனை குறுக்கே வரும். ஆகவே அரசிடம் என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டு, மீதிக்குத்தான் டிரஸ்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

யூடிஐடி அட்டை, அதாவது நாடு முழுக்கச் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. முகாமில் நாற்காலி கொடுத்திருக்கிறார்கள் என்பதால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையாவது இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று மருத்துவச் சான்று உள்ள அந்த அட்டைதான் எல்லாக் கதவுக்கும் சாவி. மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா? கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும், தசைச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும் உரியது அது. வரவில்லை என்றால் சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். அந்த எண் பின்னால் டிரஸ்ட் மனுவுக்கும் உதவும். இதைப் படிக்கும் ராயவரம், கடியாபட்டிக்காரர்களுக்கு இதே வேலை புதுக்கோட்டையில். செட்டிநாடு ஒன்றுதான், மாவட்டம் இரண்டு. சிவகங்கையில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூளை முடக்குவாதம் என்பதால் உங்களுக்கு இன்னொன்றும் உண்டு. 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமானது. அதன் கீழ் ‘நிராமயா’ என்ற மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வெளிநோயாளிச் செலவும் தெரபியும் அதில் அடக்கம். சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை எதுவும் கிடையாது. செலவழித்துவிட்டு பில் கொடுத்து வாங்கவேண்டும் என்பதுதான் சங்கடம். தசைச்சிதைவு நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தேடி அலையவேண்டாம், அந்த நோய் மட்டும் இருந்தால் இதில் வராது. அவர்கள் மாநில அரசின் பேட்டரி வீல்சேர் திட்டத்தைக் கேட்கவேண்டும். சக்கர நாற்காலி ஒன்றாக இருந்தாலும், எந்த நோயால் அதில் உட்கார்ந்தார்கள் என்பதைப் பொறுத்து வாசல் மாறும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற வருத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பள்ளிக்கூட வயது என்பதால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். உபகரண மதிப்பீட்டு முகாம் எப்போது என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். பள்ளிக்குக் கூட்டிப்போய் வரும் செலவுக்கும் துணைக்கு வருபவருக்கும் சிறு தொகை உண்டு. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் வரும். நீங்கள் கேட்டால்தான் அவரும் அனுப்புவார்.

இனி நாற்காலி. ‘அளவெடுத்துச் செய்கிற நாற்காலி, 68,000’ என்று எழுதியிருக்கிறீர்கள். அளவை எடுத்தது யார்? கடைக்காரரா, பிசியோவா? டிரஸ்ட் கேட்காவிட்டாலும் நான் கேட்பேன். முகாமில் பொதுவாகக் கொடுக்கும் மடக்கு நாற்காலியின் உட்காரும் அகலம் பெரியவர்களுக்கானது, 18 அங்குலம் வரை இருக்கும். பதினோரு வயது ஒல்லிப் பையனின் இடுப்புக்கு அதில் முக்கால்வாசி இருந்தாலே அதிகம். மீதி இடத்தில் உடம்பு ஒரு பக்கம் சாயும், ஒரு முழங்கை கைப்பிடியில் ஊன்றியே இருக்கும், கால் மிதியடியைத் தொடாமல் தொங்கும். நாலு மணி நேரம் அப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது நீங்கள் எழுதிய முதுகு வளைவிலேயே தெரிகிறது. இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரை, முதுகின் உயரம், பக்கத் தாங்கல் வேண்டுமா, தலைத் தாங்கல் வேண்டுமா, எந்த மெத்தை என்று ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, இயன்முறை மருத்துவரோ மறுவாழ்வு மருத்துவரோ தரவேண்டும். சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். முழு மதிப்பீடு வேண்டும் என்றால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் நடக்கும் அமர் சேவா சங்கம், முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம், வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவு ஆகியவை உண்டு. தூரம்தான். ஆனால் அந்த இடங்களின் சீட்டு இருந்தால் கூட்டத்தில் மறுபேச்சு இருக்காது. அங்கே சமூகப்பணியாளர் என்று ஒருவர் இருப்பார். டாக்டரைப் பார்த்துவிட்டு அவரைப் பார்க்காமல் வராதீர்கள். எங்கள் பக்கத்திலிருந்து போன் போட்டு விசாரிக்க அவர்தான் சரியான ஆள்.

பிள்ளை வளருவான். அதனால் அகலமும் நீளமும் கூட்டிக்கொள்ளும்படியான சட்டகம் (ஃபிரேம்) உள்ளதா என்று கடையில் கேளுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் இரண்டு வருஷம் கூடுதலாக உழைக்கும். சென்னை ஐஐடியிலிருந்து கிளம்பிய நியோமோஷன் கம்பெனி ‘நியோஃப்ளை’ என்று ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்கிறது. ஆனால் அது தானே கையால் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு ஏற்றது. உங்கள் மகனுக்குத் தள்ளும் அளவு கையில் பிடிமானம் இருக்கிறதா, உடம்பைத் தாங்குகிற நாற்காலிதான் தேவையா என்பதைச் சீட்டு எழுதுகிறவர்தான் சொல்லவேண்டும். கடைக்காரர் சொல்லக் கூடாது.

வீட்டையும் சேர்த்து யோசியுங்கள். நம் ஊர் வீடுகளுக்கு அடித்தளம் உயரம், படி ஏறித்தான் திண்ணை, அதற்கு மேல் நிலைப்படி. சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். முன்வாசல் மூன்றடி உயரம் என்றால் 36 அடி வேண்டும், தெருவே அடைபட்டுவிடும். பின்தெருப் பக்கம் வாசல் இருந்தால் பெரும்பாலும் தரை அங்கே தாழ்வாக இருக்கும், அளந்து பாருங்கள். 68,000 ரூபாய் நாற்காலி திண்ணையோடு நின்றுபோன வீடுகள் உண்டு. சாய்தளத்துக்கான கொத்தனார் மதிப்பீட்டைத் தனி மனுவாகவே கொடுக்கலாம். இந்த ஊர் டிரஸ்ட்டுகளுக்குக் கல்லும் சிமெண்டும் என்றால் தனி ஆசை. மருந்துச் செலவுக்கு யோசிக்கிற கை, கட்டுமானம் என்றதும் தாராளமாகிவிடும். உங்கள் கணவருக்குக் கல் வேலை தெரியும் என்பதால் கூலியை உங்கள் பங்காகக் காட்டி, பொருள் செலவை மட்டும் கேட்டால் இன்னும் சுலபம்.

நகரத்தார் இல்லை என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தச் சீமையில் தருமப் பணம் என்பது ஒரே பானையில் இல்லை. நகரத்தாரின் ஒன்பது கோயில்களைச் சார்ந்ததும், ஊர்ப் புள்ளிகளிடம் (கணக்கில் பதிவான நகரத்தார் குடும்பங்களிடம்) வரி வசூலித்து நடப்பதும், நகரத்தார் சங்கங்கள் நடத்துவதும் அந்தச் சமூகத்தின் பொதுப்பணம். அதில் தனிநபர் உதவி பெரும்பாலும் அவர்கள் புள்ளிகளுக்கே, அங்கே கேட்டு மனம் நோகவேண்டாம். குடும்ப அறக்கட்டளைகள் வேறு. அங்கே அறக்கட்டளைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பேச்சு. இதில் வருமான வரிச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 1961ஆம் வருஷத்துச் சட்டம், அது நடைமுறைக்கு வந்த 1962 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய தரும அறக்கட்டளை ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதச் சமூகத்துக்கோ மட்டும் என்று இருந்தால் வரிவிலக்கு இல்லை என்று வைத்தது. ஆகவே வரிவிலக்கு வாங்கிய பிற்காலத்து டிரஸ்ட்டுகளின் பத்திரங்களில் ‘சாதி மத பேதமின்றி’ என்ற வரி சாதாரணமாக இருக்கும். அதற்கு முந்தைய பழைய பத்திரங்களில் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். ஆபீசுக்குப் போன் போட்டு, “உங்க பத்திரப்படி வெளியாளுக்கும் மருத்துவ உதவி உண்டாங்கய்யா?” என்று மேனேஜரிடம் நேரடியாகக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் ஊர் இது. சாதி பார்க்காமல் கொடுப்பது இங்கே புதிசு அல்ல. ஆனால் எல்லாரும் அழகப்பர் அல்ல என்பதையும் சொல்லவேண்டும்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் மூலமாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். அதில் சட்டம் கொஞ்சம் நுணுக்கமானது. வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக இங்கே ஒரு டிரஸ்ட்டுக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் கானாடுகாத்தானிலேயே பிறந்தவராக இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள நிறுவனம் மட்டுமே அதை வாங்கலாம். 2020இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அப்படி வாங்கியதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே ‘அந்த டிரஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லி இங்கே உங்களுக்குத் திருப்பிவிடுகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், மாட்டிக்கொள்வது நீங்கள். சொந்த ரத்த உறவு வங்கி மூலம் அனுப்புவது வேறு கதை, அதில் பயமில்லை.

ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களுக்கு வருஷம் ஜூலை 1இல் பிறக்கும். புதுத் தலைவர் பதவியேற்ற கையோடு என்ன நலத்திட்டம் செய்யலாம் என்று தேடுவார். ஜூலை, ஆகஸ்டில் போனால் உங்கள் மனு அவருக்குத் தேவைப்படும். மே மாதம் போனால் ‘அடுத்த பிரசிடெண்டைப் பாருங்கம்மா’ என்பார்கள். கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் தனிநபர் மனுவுக்கு அநேகமாக வராது. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்களை மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிடச் சொல்கிறது. அவர்கள் அதைப் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் மூலம் செய்யவே விரும்புவார்கள். உங்கள் மகன் போகும் சிறப்புப் பள்ளியோ தெரபி மையமோ அவனைப் போன்ற பத்துப் பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரு திட்டமாக எழுதிக் கேட்டால் நடக்க வாய்ப்பு உண்டு, நிச்சயம் இல்லை. மக்களவை உறுப்பினரின் தொகுதி நிதியிலிருந்து வீல்சேர் வாங்க விதியில் இடம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் மொத்தமாகத்தான் நடக்கும். நம்பிக் காத்திருக்கிற வழி அல்ல.

ஆன்லைனில் நிதி திரட்டுவது என் கணக்கில் கடைசி வழி. மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் உயிருக்குப் போராடும் பச்சைக் குழந்தைகளின் ஆபரேஷன்களோடு உங்கள் நாற்காலி போட்டி போடவேண்டும். ஜெயிப்பது கஷ்டம். ஜெயிக்க வேண்டுமென்றால் பையன் அழுகிற வீடியோ கேட்பார்கள். பதினோரு வயதில் போட்ட வீடியோ அவன் காலேஜ் போகும்போதும் இணையத்தில் இருக்கும், அவனைக் கேட்டா போட்டோம்? தனிநபருக்குக் கொடுப்பவர்களுக்கு நன்கொடைக்கான வரிச்சலுகையும் கிடையாது என்பதால் பெரிய கை நீளாது. இதைவிட முக்கியமானது ஒன்று: ‘டிரஸ்ட்டில் பணம் சாங்ஷன் ஆகிவிட்டது, பிராசஸிங் கட்டணம் 3,000 போடுங்கள்’ என்று போன் வந்தால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். எந்த உண்மையான அறக்கட்டளையும் பணம் கொடுக்கப் பணம் கேட்காது. ஓடிபி கேட்கிறவரும் அதே ஆள்தான்.

மனுவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முதல் பத்தியிலேயே தொகை வரட்டும்: ‘என் மகனுக்கு, இணைத்துள்ள மருத்துவச் சீட்டின்படி, தாங்கு நாற்காலி வாங்க 68,000 ரூபாய் ஆகிறது. எங்கள் பங்கு 6,000. அரசுத் திட்டத்தில் விண்ணப்பித்துள்ளோம், மனு எண் இது. மீதி 62,000 ரூபாயில் தங்களிடம் 30,000 கேட்கிறோம். செக்கை நேரடியாக இன்ன கம்பெனி பெயருக்குக் கொடுக்கலாம்.’ அடுத்த பத்தியில் பையனைப் பற்றி நாலு வரி, என்ன படிக்கிறான், எது பிடிக்கும், இந்த நாற்காலி வந்தால் என்ன மாறும். ஏழ்மையை விவரிக்க வேண்டியதில்லை, தாசில்தார் கொடுத்த வருமானச் சான்று அதைச் சொல்லிக்கொள்ளும். மீதிக்கு வேறு எந்த இடத்தில் கேட்டிருக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் இரண்டு இடமும் கைநழுவும். காரைக்குடியில் டிரஸ்ட் மேனேஜர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். மாறாக, ஒருவர் 30,000 ஒப்புக்கொண்டார் என்ற கடிதம் கையில் இருந்தால் அடுத்தவர் ஒப்புக்கொள்வது வேகமாக நடக்கும். ஊர் கூடித் தேர் இழுக்கிற கதைதான். முதல் வடத்தைப் பிடிக்கத்தான் ஆள் தேடவேண்டும். செக் உங்கள் பெயருக்கு வேண்டாம், கம்பெனி பெயருக்குத்தான் என்று நீங்களாகவே எழுதினால் அறங்காவலர்களின் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். நாற்காலி வந்ததும் பில் ஜெராக்ஸைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பாதிப் பேர் கொடுப்பதில்லை. கொடுத்தவர்களை மேனேஜர் மறக்கமாட்டார், மூன்று வருஷம் கழித்து அடுத்த நாற்காலிக்கு அந்த ஞாபகம் பேசும்.

உபயம் போர்டு விஷயம் ஒன்று. டியூப்லைட்டில் வெளிச்சமே தெரியாத அளவுக்குப் பெயர் எழுதுகிற ஊர் நம்முடையது. நாற்காலியின் முதுகில் பெரிதாகப் பெயிண்ட் அடித்துத் தருவார்கள், பையன் அதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகவேண்டும். விழா வைத்து மேடையில் கொடுத்து போட்டோ பத்திரிகையில் வரவேண்டும் என்பார்கள். இதற்கெல்லாம் தலையாட்டியே ஆகவேண்டும் என்று இல்லை. “பேரு சீட்டுக்கு அடியில ஒரு ஸ்டிக்கரா இருக்கட்டுங்கய்யா, பையன் கூச்சப்படுறான்” என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலான பெரியவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காதவர்களிடம் வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு. வாங்கினால் நான் குறை சொல்லமாட்டேன்.

மாதா மாதம் ஆகிற செலவுக்கு, அதாவது தெரபி, டயப்பர், ஆட்டோ வாடகை, உங்களால் வேலைக்குப் போக முடியாததால் விட்டுப்போன சம்பளம், இதற்கெல்லாம் டிரஸ்ட்டில் வழி இருப்பது அபூர்வம். ஒரு தடவை கொடுத்து முடிகிற உதவியைத்தான் எல்லாரும் விரும்புகிறார்கள். இதற்கு ஒரு சுற்றுவழி உண்டு, பலருக்குத் தோன்றுவதில்லை. இந்தப் பகுதியில் மருத்துவத்தைவிடக் கல்விக்குக் கொடுக்கும் டிரஸ்ட்டுகள் அதிகம். உங்கள் மூத்த மகளின் பாலிடெக்னிக் ஃபீஸுக்கு அவள் பெயரில், அவள் மதிப்பெண் பட்டியலோடு தனியாக விண்ணப்பியுங்கள். கட்டணம் கல்லூரிப் பெயருக்கே செக்காகப் போய்விடும் என்பதால் கொடுக்கிறவர்களுக்கும் சங்கடம் இல்லை. அந்த ஃபீஸுக்கு எடுத்து வைக்கிற பணம் வீட்டில் மிஞ்சினால் அது தம்பியின் தெரபிக்கு ஆகும். தம்பியின் நிலைமையை அவள் மனுவில் ஒரு வரி எழுதலாம், அதற்கு மேல் வேண்டாம். அவளுக்கென்று ஒரு மனு இருப்பது அவளுக்கும் நல்லது.

இந்த வாரம் செய்யவேண்டியது வட்டார வள மையத்துக்குப் போன், வருகிற திங்கள் சிவகங்கை, மருத்துவச் சீட்டுக்கு ஒரு நாள் குறித்துக்கொள்வது. கடையில் கொட்டேஷன் வாங்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கொட்டேஷனின் அடியில் ‘30 நாட்களுக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அறங்காவலர் கூட்டம் சில இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். கூட்டத் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்னால் தேதி போட்ட கொட்டேஷனாக வாங்கி இணையுங்கள்.